கொடியில் விழுந்த கரித்தூள்

தனம் என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியின் ஓரத்தைப் பிடித்து வெயிலில் விரித்தாள். ஆள்காட்டி விரலால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருக்கா. ஒண்ணுமே இல்ல. இன்னிக்கும் வெள்ளையாத்தான் காய்ஞ்சிகினு இருக்குது."

விரல் சுத்தமாக இருந்தது.

துவைத்த துணி வெள்ளையாகக் காய்ந்ததற்காக இரண்டு பெண்கள் வேலியோரம் பயந்து நின்றோம் என்று சொன்னால் இன்று யார் நம்புவார்கள்? சோப்பு விளம்பரக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எழுபதுகளின் கடைசிப் பக்கத்தில், நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸ் வட்டத்தில், அப்படித்தான் இருந்தது.

இரண்டு வாரங்களுக்கு முன் ரேஷன் கடை வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அதே ஊரில் வேலை பார்த்த ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "நடுவில் நொடித்துப்போன ஊர் மறுபடி எழுந்தது என்கிறார்களே அம்மா, நிஜமாகவே எழுந்ததா, அல்லது எழுந்ததாக நாமே சொல்லிக்கொண்டோமா?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு உற்பத்திக் கணக்கெல்லாம் தெரியாது. என் வீட்டுக் கொடியில் நடந்தது தெரியும். அதைச் சொல்கிறேன்.

திட்டித் தீர்த்த தூள்

கல்யாணமாகி நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து இறங்கிய முதல் வாரமே அழுதுவிட்டேன். ஊரை விட்டு வந்த துக்கம் என்று இவர் நினைத்தார். அதெல்லாம் இல்லை. கல்யாண வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். மத்தியானம் எடுக்கப் போனால், முழுக்க மிளகுப்பொடி தூவியது மாதிரி இருந்தது. தட்டினேன், இன்னும் அப்பிக்கொண்டது. மறுபடி துவைத்தேன், மறுபடி விழுந்தது.

இவர் வேலை பார்த்தது கரிக்கட்டிப் பிரிவில். சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரியைப் பொடித்து, காயவைத்து, பெரிய பெரிய பிரஸ்ஸில் அழுத்தி அடுப்புக்கான கட்டியாக்கும் இடம். அங்கிருந்து காற்று அடிக்கிற பக்கம் பார்த்து எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள்.

நான் அழுவதைப் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்தாள். அவள்தான் தனம். அவள் இந்தப் பக்கத்துக்காரி. பிறந்த ஊர் சேத்தியாத்தோப்பு போகிற வழியில் ஒரு கிராமம். புகுந்த வீட்டு நிலம் முழுவதும் முதல் சுரங்கத்துக்குப் போனது. அதற்குப் பதிலாக அவள் புருஷன் தணிகாசலத்துக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, பெர்மனென்ட்டும் ஆகியிருந்தது.

"அதுக்குப் போயி ஏங்க்கா அழுவற? தூளு வுழுதுன்னா மெஷினு ஓடுதுன்னு அர்த்தம். வுழட்டும் வுடு," என்றாள்.

நான் விடவில்லை. வருஷக்கணக்கில் அந்தத் தூளைத் திட்டினேன். பிரிவையும் திட்டினேன், காற்றையும் திட்டினேன், என்னைக் கட்டிக்கொடுத்த அப்பாவையும் திட்டினேன்.

இவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதிகம் பேசமாட்டார். வலது கைச் சுண்டுவிரல் கோணல். சின்ன வயதில் மாட்டு வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மற்ற மூன்று விரலும் சேர்ந்திருக்க, அது மட்டும் கோபித்துக்கொண்ட மாதிரி தள்ளி நிற்கும். பெண் பார்க்க வந்த அன்று என் சித்தி காபித் தம்ளரை அவர் வாங்கும்போதே அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து, "விரல் கோணலா இருந்தா என்ன, மனுஷன் நேராத்தான் இருக்கான்" என்றாள். அது சரியாகவே இருந்தது.

வெள்ளை வந்த காலம்

எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் ஒரு பிரஸ் நின்றது. சாமான் வரவில்லை என்றார்கள். இன்னொன்றும் நின்றது, கட்டிக்கு ஆர்டர் இல்லை என்றார்கள். ஆட்கள் சங்கு ஊதியதும் போய், கையெழுத்துப் போட்டு, பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் நாலைந்து குவார்ட்டர்ஸ் காலியானது. வாசலில் நெருஞ்சி முளைத்தது. பலாக்காலத்தில் காடாம்புலியூர்க்காரர்கள் வண்டி வண்டியாகப் பழம் கொண்டுவருவார்கள். அந்த வருஷம் வந்தவர்கள் பாதிப் பழத்தோடு திரும்பிப் போனார்கள்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. கரிக்கட்டிப் பிரிவை மூடப்போகிறார்கள். அதற்குப் பிறகு அடுத்த பிரிவு. சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்திவிட்டால் பள்ளம் முழுக்க நிரம்பி ஏரியாகிவிடும், அப்புறம் ஊர் எதற்கு என்றுகூடப் பேசினார்கள். பால் ஊற்ற வருகிறவரும் அதையே சொல்லிவிட்டுப் போவார்.

அப்போதுதான் ஒருநாள் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது கவனித்தேன். துணி வெள்ளையாக இருந்தது.

நான் இத்தனை வருஷமாகக் கேட்ட வரம் கிடைத்திருந்தது. கையில் அந்த வெள்ளை வேட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. துவைக்கிற நாளோ இல்லையோ, காலையில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கொடியில் போட்டுவிடுவோம். மத்தியானம் போய் விரலால் இழுத்துப் பார்ப்போம். அந்த நேரத்தில் வரிசையாக எல்லாக் கொல்லைப்புறத்திலும் ஒரு பெண் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருத்தரை ஒருத்தர் ஒன்றும் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

பேப்பரில் எழுந்த ஊர்

இந்த நிலையில்தான் இரண்டாவது சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நெய்வேலிக்கு மறுவாழ்வு என்றார்கள். மறு வாரமே சாலையோரக் கற்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்தார்கள். எரியாமல் கிடந்த தெருவிளக்குகள் எரிந்தன. வெளியூர்க் காண்ட்ராக்ட்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். டீக்கடையில் உட்கார இடமில்லை.

பஸ் நிறுத்தத்தில் சண்டையே நடந்தது. ஊர் எழுந்துவிட்டது என்று ஒரு கட்சி. எல்லாம் வெறும் சுண்ணாம்புப் பூச்சு என்று இன்னொரு கட்சி. இவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"சுரங்கம் வரும், சொர்ணம். பேப்பர்ல பொய் போடல. ஆனா அது வார வரைக்கும் நம்மள வச்சிருப்பானான்னுதான் தெரியல."

அந்தச் சமயம் பார்த்து என் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தூத்துக்குடியில் அவன் வேலை பார்க்கும் நூல் மில்லில் ஒரு இடம் காலி. மாப்பிள்ளைக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமைக்குள் சேர வேண்டும், அதற்கு மேல் நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

அங்கே சேர்ந்தால் இங்கே பெர்மனென்ட் வேலையை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. இங்கேயே இருந்து பிரிவை மூடிவிட்டால் இதுவும் போகும், அதுவும் போகும்.

இவர் லீவு போட்டுவிட்டு மில்லைப் பார்க்கக் கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"எனக்கு ஒரு முடிவும் எடுக்க முடியல. நீ இங்க இருந்து பாரு. பிரிவு மறுபடி ஓட ஆரம்பிச்சா தந்தி குடு, வந்திருதேன். தந்தி வரலைன்னா அங்கயே சேந்துக்கிடுதேன்."

"நான் எப்படிங்க பாக்க? நான் என்ன உள்ள போகவா முடியும்?"

"ஒனக்குத்தான் கொடி இருக்கே," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது வாசகர்கள் கேட்கலாம், பிரிவில் வேலை பார்ப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டால் போதாதா என்று. கேட்டேன். அடுத்த தெருவில் இருந்த, பிரஸ்களை மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் வீட்டில் போய்க் கேட்டேன். "ஓடப் போவுதும்மா, திங்கக்கிழமை ஓடப் போவுது" என்றார். அதைத்தான் அவர் நாலு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகாசலம் அண்ணனைக் கேட்டேன். "நாங்க பள்ளத்துல கெடக்கறவங்கம்மா, மேல நடக்கறது எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார். பயந்திருக்கிற ஆட்கள் தங்கள் ஆசையைத்தான் பேசுவார்கள். அதனால் நான் வேட்டியை நம்பினேன்.

கறுத்த விரல்

திங்கள், வெள்ளை. செவ்வாய், வெள்ளை. தனம் விரலை நீட்டிக் காட்டினாள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

புதன்கிழமை ஆடிக் காற்று மரத்தைப் பிய்த்தெறிகிற மாதிரி அடித்தது. மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வேலிப்பக்கமிருந்து தனம் கூப்பிட்டாள்.

"யக்கா. சொர்ணக்கா. கொடியாண்ட வா. ஒடனே வா."

எச்சில் கையோடு ஓடினேன். வேட்டி முழுக்கத் தூள். ஓரம், மடிப்பு, கொடிக்கயிறு, துளசிச் செடி எல்லாவற்றின் மேலும் சமமாகப் படிந்திருந்தது. விரலால் இழுத்தேன். விரல் கறுத்தது.

தனம் என் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். நான் அவள் கன்னத்தில் வைத்தேன். பக்கத்துக் கொல்லைகளிலும் பேச்சுச் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் அந்த நேரத்தில் அங்கே யாரும் பேசியதில்லை. நான் வேட்டியை முகத்தில் வைத்து முகர்ந்தேன். அந்தத் தார் கலந்த கரி வாசனை அவ்வளவு நன்றாக இருந்தது.

மகளைத் தனத்திடம் விட்டுவிட்டு தபாலாபீசுக்கு நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. பிரிவு ஓடுகிறது, உடனே வரவும் என்று தந்தி கொடுத்தேன். தந்தி வாங்கிய குமாஸ்தா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு வார்த்தைகளை எண்ணினார்.

கூரையிலிருந்து வந்தது

வியாழக்கிழமை துணி வெள்ளையாகக் காய்ந்தது.

காற்று திசை மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மரங்கள் முந்தின நாள் சாய்ந்த பக்கமே சாய்ந்துகொண்டிருந்தன. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து தணிகாசலம் அண்ணன் சைக்கிளில் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலியோரம் நிறுத்தினார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"பிரிவு ஓடலம்மா. டெல்லியிலேந்து பெரியவங்க சுத்திப் பாக்க வராங்களாம். அதுக்காவ கூரை மேலயும் கம்பி மேலயும் படிஞ்சிகினு இருந்த பழைய தூளையெல்லாம் நேத்து குழாய்ல காத்தடிச்சித் தள்ளிக்கினு இருந்தாங்க. அதுதான் இங்க வந்து வுழுந்திருக்குது. மெஷினுக்கெல்லாம் பெயிண்டு அடிக்கிறாங்க."

நின்றுபோன இயந்திரத்தைக் குளிப்பாட்டிய அழுக்கை முகத்தில் பூசிக்கொண்டு நான் கொண்டாடியிருக்கிறேன்.

மறுபடி தபாலாபீசுக்குப் போனேன். படிவத்தை வாங்கி, வரவேண்டாம் என்று எழுதிவிட்டேன். நேற்றைய குமாஸ்தாதான் இருந்தார்.

"நேத்தைக்குக் குடுத்தது நேத்து சாயங்காலமே சேந்திருக்கும்மா. இது போய்ச் சேர ராத்திரி ஆயிடும். அவரு இன்னேரம் வண்டிக்குக் கிளம்பியிருப்பாரே," என்றார்.

இவரை எனக்குத் தெரியும். காலையிலேயே மில்லுக்குப் போய், இடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார். படிவத்தைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினேன். வழியெல்லாம் புதிதாகப் பெயிண்ட் அடித்த கற்கள் பளபளவென்று இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

விரல் தடம்

வெள்ளிக்கிழமை காலை அவர் வரும் நேரம் நெருங்க நெருங்க வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் திட்டுவார் என்ற பயம் இல்லை, அவருக்குத் திட்டவே தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் அந்த முகம் எப்படி ஆகும் என்றுதான் பயந்தேன்.

அப்போது நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கரிக்கட்டியை எடுத்து அம்மியில் வைத்துப் பொடித்தேன். கொடியில் கிடந்த வேட்டியில் கையால் பூசினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைத் தாண்டி யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

பையோடு நேரே கொல்லைப்புறம்தான் வந்தார். வேட்டியின் முன் நின்றார். தொட்டுப் பார்த்தார். பிறகு தன் விரல்களை விரித்து, துணியின் மேல் எதன் மீதோ வைத்து அளப்பது போல வைத்தார். எனக்கு அது என்னவென்று அப்போது புரியவில்லை.

"நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றார்.

அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவருடைய காக்கிச் சட்டை மார்பெல்லாம் கரி.

"ஓடுதாங்க?"

"ஓடுது," என்றார். கை கால் கழுவப் போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தணிகாசலம் அண்ணன் சொன்னது பொய்யா? மறுநாள் சட்டையைத் துவைக்கும் கல்லில் விரித்தபோதுதான் பார்த்தேன். மார்பில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள். மூன்று கோடுகள் சேர்ந்திருந்தன. நாலாவது மட்டும் கோபித்துக்கொண்ட மாதிரி தள்ளி இருந்தது.

வேட்டியில் அவர் எதை அளந்தார் என்று அந்த நிமிஷம் புரிந்தது. காற்றில் வருகிற தூள் சமமாகப் படியும். நான் பூசியதில் என் விரல் தடம் அப்படியே இருந்திருக்கிறது.

அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் நின்றுபோன பிரிவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, சங்கு ஊதியதும் தரையில் கையைத் துடைத்து மார்பில் பூசிக்கொண்டு வந்தார். தினமும் நான் அந்தத் தடத்தைச் சோப்புப் போட்டுக் கரைத்தேன். எத்தனை வாரம் என்று நினைவில்லை. என்றைக்கு இவர் பூசாமல் வருகிறாரோ அன்றைக்குப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம் என எனக்குள் ஒரு கணக்கு. சாயங்காலம் ஆனாலே வாசலைப் பார்த்து நின்றுவிடுவேன்.

சிவப்பு

ஒருநாள் அவர் பூசாமல்தான் வந்தார். கையில் ஒரு காகிதம். இரண்டாவது சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் வேலைக்கு அவரை மாற்றியிருந்தார்கள்.

நான் நம்பவில்லை. பேப்பரையும் பெயிண்டையும் பார்த்துப் பார்த்து எதையும் நம்பாத புத்தி வந்திருந்தது. முதல் நாள் புது இடத்துக்குப் போய்விட்டு வந்தார். சட்டை சிவப்பாக இருந்தது. மறுநாள் காலை அதைக் கல்லில் விரித்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். விரல் தடம் எங்கும் இல்லை. காலரில், பையின் தையலில், பொத்தான் ஓட்டையில் எல்லாம் செம்மண். கையால் பூசி அங்கெல்லாம் ஏற்ற முடியாது. கல்லில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். ஊர் எழுந்துவிட்டது என்று நான் நம்பியது அன்றைக்குத்தான்.

அலசிப் பார்த்தும் சிவப்பு முழுதாகப் போகவில்லை. அப்படியே கொடியில் போட்டேன். தனம் வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சட்டையை உற்றுப் பார்த்தாள்.

"இது கையால பூசுனது இல்லியே அக்கா?"

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் வேலிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் பூசியதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே காலர் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஈர மண்ணை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இல்லக்கா. நெசந்தான். இது எங்க அண்ணன் முந்திரிக் கொல்லை மண்ணு. போன மாசந்தான் எடுத்துக்கினாங்க. புகுந்த வூட்டு மண்ணு மொதல் சொரங்கத்துக்குப் போச்சி, பொறந்த வூட்டு மண்ணு இதுக்கு."

மண்ணைக் கீழே உதறவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

கடிதம் போட்ட வாசகருக்கு என் பதில் இதுதான். ஊர் எழுந்தது நிஜம். அதற்குப் பிறகு இவர் இருபது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தார், எங்கள் மகள் அங்கேயே படித்து வளர்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து இவர் சட்டையைத் தனம் பார்க்கிற அந்தக் கொடியில் நான் போட்டதில்லை. வீட்டுக்குள்ளேயே, சமையலறையில் குறுக்கே கயிறு கட்டி, கதவைச் சாத்திவிட்டுத்தான் காயப்போட்டேன்.